ஏவ்பரி ரெட் லயன்: 400 வருடப் பப்பா, 1802-இல் வந்ததா?

வில்ட்ஷயர்வாசி:
பயணப் பகுதியில் மலைக்காற்று எழுதியதைப் படித்தேன். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள ஏவ்பரி என்ற பழங்காலக் கல்வட்டத்துக்கு நடுவில் இருக்கும் ரெட் லயன் "400 வருடமாக நடக்கும் பப்" என்று போட்டிருக்கிறார். தவறு. 17-ஆம் நூற்றாண்டில் அது பண்ணைவீடு. மது விற்க உரிமம் கிடைத்தது 1802-இல். பதினோரு வருடமாக அந்த வழியாக வேலைக்குப் போகிறவன் சொல்கிறேன், திருத்துங்கள்.

மலைக்காற்று:
திருத்த மாட்டேன். கூரை வேய்ந்த அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துதான் எழுதினேன். உத்தரம், சுவர், உள்ளே இருக்கும் கிணறு எல்லாம் அந்தக் காலத்துடையவை. அதே வீடுதானே சார் இன்றைக்கும் பப்? 400 சரிதான்.

வில்ட்ஷயர்வாசி:
வீட்டின் வயதை யார் கேட்டார்கள்? பாட்டி வீட்டுத் திண்ணையில் போன வருடம் டீக்கடை போட்டால், அது நூறு வருட டீக்கடை ஆகிவிடுமா? 1802.

சாரோன் ரோஜா:
இரண்டு பேரும் பப்பையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அங்கேயே புனித ஜேம்ஸ் ஆலயம் இருக்கிறது. 1066-க்கு முந்தைய சாக்சன் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. 16-ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தக் காலத்தில் இங்கிலாந்து முழுக்க உடைத்துப் போட்ட சிலுவை மாடம் (சிலுவை உருவம் நிற்கும் மேல்மாடம்) அங்கே சுவருக்குப் பின்னால் ஒளிந்து தப்பியது, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வெளியே வந்தது. கல்வட்டத்துக்குள் இருக்கும் அந்த ஆலயத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதத் தோன்றவில்லையா?

வில்ட்ஷயர்வாசி:
அம்மா, புனித ஜேம்ஸ் வட்டத்துக்குள் இல்லை. மேற்கே, வட்டத்தைச் சுற்றியிருக்கும் மண்கரைக்கு வெளியே இருக்கிறது. உள்ளே இருப்பது சின்ன சேப்பல், வட்டத்தில் உடைத்த கற்களை வைத்தே கட்டியது. நேரில் பார்க்காமல் எழுதினால் இப்படித்தான். மலைக்காற்று, இன்னும் திருத்தவில்லையே?

சாரோன் ரோஜா:
பார்க்கவில்லையா? ஞானஸ்நானத் தொட்டியில் செதுக்கியிருக்கும் கோலேந்திய ஆயரையும் நாகங்களையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். உள்ளே, வெளியே என்பது பேச்சில் வந்துவிட்டது. அதற்காக "அம்மா" என்று கூப்பிட்டுப் பாடம் எடுக்க வேண்டாம்.

கல்நேசன்:
330 மீட்டர் அகலத்துக்கு, சுமார் நூறு கல் நட்டிருந்த இடம் அது. உலகத்திலேயே பெரிய கல்வட்டம். அந்தக் கற்களை ஊர்க்காரர்கள் நெருப்பு மூட்டிச் சுடவைத்து, தண்ணீர் ஊற்றிப் பிளந்து வீடு கட்டினார்கள். 1720-களில் பழம்பொருள் ஆய்வாளர் ஸ்டுக்லி அங்கே உட்கார்ந்து வரைந்து வைக்காவிட்டால் எந்தக் கல் எங்கே இருந்தது என்றே தெரிந்திருக்காது. அதைப் பேசலாமே. அதற்கும் முன்னால், 14-ஆம் நூற்றாண்டில், ஒரு கல்லை மண்ணில் புதைக்கும்போது நாவிதர் ஒருவர் அடியில் மாட்டி நசுங்கியே போனார்!

வில்ட்ஷயர்வாசி:
இதுவும் தவறு. 1938-இல் தொல்லியல் ஆய்வாளர் கெய்லர் அங்கே தோண்டியபோது கத்தரிக்கோலும் 1320-களின் வெள்ளிக்காசும் எலும்புக்கூட்டோடு கிடைத்தன. எல்லோரும் நசுங்கினார் என்றுதான் சொன்னார்கள். தொலைந்துவிட்டதாக நினைத்த அந்த எலும்புகள் 1998-இல் மறுபடி கிடைத்து, ஆராய்ந்தபோது நசுங்கிய தடயமே இல்லை. செத்த பிறகு புதைத்திருக்கலாம்.

கல்நேசன்:
அருங்காட்சியகப் பலகையில் படித்த ஞாபகம் எனக்கு. நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

மலைக்காற்று:
சரி, நான் ஒன்று கேட்கிறேன். பேயாக உலவுவதாகச் சொல்லும் ஃப்ளோரி என்ற பெண்ணைக் கணவன் கொன்று அந்தக் கிணற்றில் போட்டது இங்கிலாந்து உள்நாட்டுப் போர் காலத்தில், அதாவது 1640-களில். அந்தப் பப்பில் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். பப் இல்லாமலா அந்தக் கதை?

வில்ட்ஷயர்வாசி:
பேயைச் சாட்சிக்கு அழைத்து வந்துவிட்டீர்கள். பண்ணைவீட்டில் கிணறு இருக்காதா? போன வருடம் நாட்டிங்ஹாமிலும் இதையேதான் செய்தீர்கள். சுவரில் 1189 என்று எழுதியிருக்கிறது, அதனால் பப் 1189-ஐச் சேர்ந்தது என்று நாற்பது பதிவு போட்டீர்கள். இன்றைக்கு அங்கே நிற்கும் கட்டடம் 17-ஆம் நூற்றாண்டுடையது என்று நான் காட்டியபோது ஒரு வாரம் ஆளையே காணோம்.

மலைக்காற்று:
அப்போது என் மகளுக்குக் காய்ச்சல். அதை இங்கே இழுக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் உங்கள் குணம். ஏவ்பரி உங்கள் சொத்தா? வழியில் பஸ்ஸில் போனால் சரித்திர ஆசிரியர் ஆகிவிடுவீர்களா?

வில்ட்ஷயர்வாசி:
பஸ் அந்தப் பப் பக்கத்திலேயே நிற்கிறது, தினமும் பார்க்கிறேன். குணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். உரிமம் எந்த வருடம்? ஒரே ஒரு எண் எழுதுங்கள்.

மலைக்காற்று:
400.

வில்ட்ஷயர்வாசி:
அது வருடமில்லை. 1802.

சாரோன் ரோஜா:
என்னிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. தொட்டியின் படத்தை நாளைக்குப் போடுகிறேன்.