முதல் செமஸ்டரிலேயே "இவர் தேறுவார், இவர் தேறமாட்டார்" என்று சொல்லிவிட முடியுமா?

கணக்குப்புலி:
கல்லூரியில் சேர்ந்த ஒருவர் படிப்பை முடிப்பாரா, நடுவில் நின்றுவிடுவாரா என்பதை முதல் செமஸ்டருக்குள்ளேயே பெருமளவு கணித்துவிடலாம், கையில் டேட்டா இருந்தும் கணிக்காமல் இருப்பது கல்லூரியின் அலட்சியம். இதுதான் என் கட்சி. சும்மா சொல்லவில்லை. ரிச்சர்ட்சன், ஏப்ரகாம், பாண்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பதின்மூன்று ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 2012 இல் வெளியிட்ட தொகுப்பில், பள்ளி மதிப்பெண்ணுக்கும் கல்லூரி மதிப்பெண்ணுக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் எண்; 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.40 வந்தது. "எனக்கு இவ்வளவு மதிப்பெண் வரும்" என்று மாணவரே தன்மேல் வைக்கும் நம்பிக்கைக்கு 0.59. அதற்கு முன்பே, 2010 இல் கிரெடேயும் சகாக்களும் வருகைப்பதிவைப் பற்றி ஒரு தொகுப்பாய்வு செய்து, நுழைவுத்தேர்வு, பள்ளி மதிப்பெண், படிக்கும் பழக்கம் எல்லாவற்றையும்விட வகுப்புக்கு வருவதுதான் நன்றாகக் கணிக்கிறது என்றார்கள். வருகைப்பதிவு எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கடைசிபெஞ்ச்:
0.40 ஐ வர்க்கப்படுத்துங்கள் நண்பரே, 0.16. மாணவருக்கு மாணவர் மதிப்பெண் வேறுபடுவதில் 16 சதவீதம்தான் பள்ளி மதிப்பெண்ணோடு சேர்ந்து நகர்கிறது, மீதி 84 சதவீதத்துக்கு வேறு காரணம். அந்த 0.59 இன்னும் வேடிக்கை. ஏற்கெனவே ரெண்டு தேர்வு எழுதி மார்க் பார்த்தவரிடம் போய் "உங்களுக்கு எவ்வளவு வரும்" என்று கேட்டால் கிட்டத்தட்ட சரியாகத்தான் சொல்வார். பழைய மார்க்கையே அவர் வாயால் கேட்டு வாங்கிவிட்டு அதற்குக் கணிப்பு என்று பெயர் வைக்கிறோம்.

அப்புறம் இந்த "எங்கள் மாடல் 90 சதவீதம் துல்லியம்" கதை. மாடல் என்றால் பழைய மாணவர்களின் டேட்டாவை வைத்துப் புதியவர்களைக் கணிக்கும் கணினி முறை. நூறு பேரில் பத்துப் பேர் நின்றுவிடும் கல்லூரியில், கண்ணை மூடிக்கொண்டு "எல்லாரும் முடிப்பார்கள்" என்று சொன்னாலே 90 சதவீதம் துல்லியம் வந்துவிடும், ஆனால் யாரைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அந்தப் பத்துப் பேரில் ஒருவரைக்கூடப் பிடித்திருக்காது.

கணக்குப்புலி:
துல்லியம் பற்றிச் சொன்னது சரி, அதனால்தான் நின்றுபோனவர்களில் எத்தனை பேரை மாடல் முன்கூட்டியே பிடித்தது என்று தனியாகப் பார்ப்பார்கள். 0.40 விஷயத்தில் மட்டும் அவசரப்படுகிறீர்கள். நல்ல மார்க் எடுத்தவர்களை மட்டும் வடிகட்டிச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்குள் பள்ளி மார்க் வித்தியாசம் காட்டுகிறதா என்று பார்த்தால் கெழு குறையத்தான் செய்யும், சேராதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லையே. தவிர, ஒரே ஒரு காரணியை வைத்து யாரும் மாடல் செய்வதில்லை. போர்ச்சுகலின் போர்ட்டலேக்ரே பாலிடெக்னிக் மாணவர்கள் 4,424 பேரின் தரவுத்தொகுப்பு பொதுவெளியில் இருக்கிறது. அதில் பட்டம் பெற்றவர்கள் கிட்டத்தட்ட பாதி, நின்றவர்கள் 32 சதவீதம், மற்றவர்கள் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள். எடுத்து ஓட்டிப் பாருங்கள், யார் நின்றார்கள் என்பதை நன்றாகவே பிரித்துக் காட்டும்.

கடைசிபெஞ்ச்:
காட்டாமல் என்ன செய்யும்? முதல் செமஸ்டரில் எத்தனை தாள் பாஸ், இரண்டாவதில் எத்தனை தாள் பாஸ் என்று அந்தத் தரவு அட்டவணைக்குள்ளேயே பத்திகள் (column) இருக்கின்றன. இரண்டாவது செமஸ்டரில் ஒரு தாள்கூடப் பாஸ் ஆகாதவர் நின்றுவிடுவார் என்று சொல்ல மாடல் எதற்கு, வகுப்புத் தலைவரைக் கேட்டாலே சொல்லுவார். அந்தப் பத்திகளை எடுத்துவிட்டு, சேரும் நாளில் தெரிந்ததை மட்டும் வைத்து ஓட்டினால் கணிப்பு எவ்வளவு பலவீனமாகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

சாக்பீஸ்:
பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அதே தரவுத்தொகுப்பில் "கட்டணம் பாக்கியில்லாமல் கட்டியிருக்கிறாரா" என்று ஒரு பத்தி உண்டு, அது எப்போதும் முக்கியமான காரணிகளில் ஒன்றாக மேலே வரும். இதைப் பார்த்து "கட்டணம் கட்டாதவர் ஆபத்தில் இருக்கிறார்" என்று சிவப்பு விளக்குப் போடுவதில் என்ன இருக்கிறது? அவருக்குப் பணம் தேவை. அமெரிக்காவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2011 இல் இதைத்தான் செய்தது, சிறு பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படவிருந்த மாணவர்களுக்கு அந்தப் பாக்கியைத் தானே கட்டிவிட்டது, விண்ணப்பம்கூடக் கேட்கவில்லை.

வருகைப்பதிவும் அப்படித்தான். வராதவர் சோம்பேறி என்று எழுதிவிடலாம். ராத்திரி வேலைக்குப் போய்விட்டுக் காலையில் தூங்குகிறவரும், முதல் இரண்டு வாரம் பாடம் புரியாமல் போய் அப்புறம் வகுப்பில் உட்காரவே கூசுகிறவரும் அந்தப் பதிவேட்டில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

கணக்குப்புலி:
மேடம், நீங்கள் சொன்ன அதே ஜார்ஜியா ஸ்டேட்தான் 2012 இல் எண்ணூறுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைக் குறிகளை வைத்து ஒவ்வொரு மாணவரையும் கண்காணிக்கத் தொடங்கியது. 2003 இல் 32 சதவீதமாக இருந்த பட்டம் பெறுவோர் விகிதம் பிறகு 54 சதவீதத்தைத் தொட்டது. என் பக்கத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கடைசிபெஞ்ச்:
2003 இல் தொடங்கிய ஏற்றத்துக்கு 2012 இல் வந்த மென்பொருளா காரணம்? அதற்கு முன்பே விகிதம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. மென்பொருளோடு சேர்த்து ஆலோசகர்களையும் கூட்டமாக வேலைக்கு எடுத்தார்கள், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தின் "கோர்ஸ் சிக்னல்ஸ்" கதை தெரியுமா? மாணவர் தேறுவாரா என்று கணித்து சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குக் காட்டும் மென்பொருள். இரண்டு மூன்று பாடங்களில் அதைப் பயன்படுத்தியவர்கள் அதிகமாகத் தங்கிப் படித்தார்கள் என்று பெருமையாகச் சொன்னார்கள். 2013 இல் சிலர் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது, நிற்காமல் படித்தவர்களுக்குத்தான் அப்படி இரண்டு மூன்று பாடங்கள் எடுக்கும் வாய்ப்பே இருந்தது. முதல் வருஷமே போனவர் எங்கே போய் மூன்றாவது பாடம் எடுப்பார்?

இன்னும் மோசமானது அமெரிக்காவின் மவுன்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழக விவகாரம். அங்கே தலைவராக இருந்தவர், புது மாணவர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தி, தேறமாட்டார்கள் என்று தெரிகிற இருபது இருபத்தைந்து பேரை, மாணவர் எண்ணிக்கையைக் கணக்குக் காட்டும் தேதிக்கு முன்பே அனுப்பிவிடத் திட்டம் போட்டார். படிப்பை விடாமல் நிலைத்திருப்போர் விகிதம் அழகாகத் தெரியுமாம். மாணவர் பத்திரிகை 2016 இல் அதை வெளியே கொண்டுவந்தது, அடுத்த மாதமே அவர் ராஜினாமா. கணிப்பு யார் கையில் போகிறது என்பதுதான் என் கவலை.

ஹாஸ்டல்பறவை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிற மாணவி. எங்கள் கல்லூரியிலும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. என் பெயர் அதில் வந்தது, வகுப்பில் எல்லார் முன்னாலும் வாசித்தார்கள். அதற்கப்புறம் சந்தேகம் கேட்க எழுந்தாலே ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று நான் கேட்பதையே விட்டுவிட்டேன். உங்கள் மாடலில் இதற்கு ஒரு பத்தி இருக்கிறதா அண்ணா?

கணக்குப்புலி:
பட்டியலை வாசித்தது கொடுமை, அதை நான் எங்கேயும் ஆதரிக்கமாட்டேன். ஆனால் தங்கச்சி, அது வாசித்தவர் செய்த தப்பு. பட்டியலே இல்லாமல் இருந்தால் உங்களை யாருமே கவனித்திருக்கமாட்டார்கள், அதுவும் நடக்கிறதுதானே.

சாக்பீஸ்:
வாசித்தவரைச் சொல்லித் தப்பிக்க முடியாது. வால்டன், கோஹன் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவில் நடத்தி 2011 இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை உண்டு. முதலாண்டு மாணவர்களோடு சுமார் ஒரு மணி நேரம், "ஆரம்பத்தில் எல்லாருக்கும் இங்கே நாம் பொருந்துவோமா என்ற சந்தேகம் வரும், போகப் போகச் சரியாகிவிடும்" என்ற விஷயத்தை வைத்துச் சின்ன பயிற்சி. அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் சராசரி உயர்ந்தது, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. எல்லாக் கல்லூரியிலும் அதே பலன் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த இடம் நமக்கானதுதான் என்ற எண்ணத்துக்கு அவ்வளவு பலம் இருக்கிறதென்றால், "நீ தேறமாட்டாய்" என்ற செய்தி எதிர்த்திசையில் எவ்வளவு தள்ளும்? உங்கள் கணிப்பு மாணவர் காதில் விழுந்த நிமிஷமே அதுவும் ஒரு காரணியாகிவிடுகிறது.

கணக்குப்புலி:
அப்போது மாணவருக்குக் காட்டாமல் ஆலோசகருக்கு மட்டும் காட்டலாம். நான்காவது வாரத்தில், முதல் உள்மதிப்பீடு வருவதற்கு முன்பே.

கடைசிபெஞ்ச்:
ஒரே கேள்வி. நீங்கள் வேலை செய்கிற மென்பொருளில் சிவப்பு விழுந்ததும் என்ன நடக்கும்?

கணக்குப்புலி:
மாணவருக்கு ஒரு ஈமெயில் போகும். தானாகவே.

கடைசிபெஞ்ச்:
ஆலோசகர்?

கணக்குப்புலி:
அது கல்லூரி முடிவு செய்ய வேண்டியது. நாங்கள் விற்றதில் பெரும்பாலான இடங்களில் தனி ஆலோசகர் இல்லை.

சாக்பீஸ்:
அந்தக் கல்லூரிகளுக்கு விற்காதீர்கள். இல்லையென்றால் மென்பொருளோடு ஒரு நிபந்தனையும் வையுங்கள்: இத்தனை மாணவருக்கு ஓர் ஆலோசகர் இருந்தால்தான் சிவப்பு விளக்கு எரியும் என்று.