'அப்சொலீட்' என்றால் காலாவதியா?

பனங்காடு:
நெசவு இயந்திரக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்தேன். 'அப்சொலீட் பார்ட்ஸ்' வந்த இடத்தில் 'காலாவதியான உதிரிபாகங்கள்' என்று போட்டுவிட்டேன். ஸ்டோர்ஸில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, எண்ணெய்த்தாள்கூடப் பிரிக்காத பேரிங்குகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. காலாவதி என்றால் மருந்தும் பால் பாக்கெட்டும் மாதிரி கெட்டுப்போனது என்றுதான் யாருக்கும் படும். அந்த பேரிங் கெடவில்லை. அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். 'வழக்கொழிந்த' என்று எழுதியிருக்க வேண்டும்.

முத்து_கோவை:
இதை ஏற்க மாட்டேன் நண்பரே. வழக்கொழிவது சொல்லும் சடங்கும். பேரிங்கைப் போய் வழக்கொழிந்தது என்றால் ஸ்டோர்ஸில் யாருக்குப் புரியும்? 'காலாவதியான சட்டம்' என்று நாளிதழ்களிலேயே வருகிறது. அந்தச் சட்டம் கெட்டா போனது? 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' வழுவல்ல என்று நன்னூலே சொல்லிவிட்டது. சொல்லின் பொருள் விரிந்துவிட்டது, விடுங்கள்.

பனங்காடு:
விரிந்ததால்தானே பேரிங் போச்சு!

தட்டச்சு_லோயர்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இந்தியாவில் தந்தி 2013 ஜூலையில் நின்றது. இன்று யாரும் அனுப்ப முடியாது. அது முழு அப்சொலீட். தட்டச்சுப்பொறி அப்படியா? கோத்ரெஜ் 2009இல் தயாரிப்பை நிறுத்தியது. ஆனால் 2015இல் நான் தட்டச்சில் லோயர் (கீழ்நிலை) தேர்வு எழுதியது அந்தப் பொறியில்தான். வரி முடியப்போகும்போது மணி அடிக்கும், தாளைப் பிடித்திருக்கும் கேரேஜைத் தள்ளுவோம், ரிப்பன் மை விரலில் ஒட்டிக்கொள்ளும். கடையில் புதிதாகக் கிடைக்காது, பயிற்சி நிலையத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் 'அப்சொலெசென்ட்' என்று தனிச்சொல் இருக்கிறது. 'வழக்கொழிந்து வரும்' என்று தமிழில் அழகாகச் சொல்லலாம். 'காலாவதியாகி வரும்' என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்கே வராது. காலாவதியில் பாதி கிடையாது.

முத்து_கோவை:
சரி, இந்த இடத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பேரிங் பெட்டியில் 'வழக்கொழிந்த' என்று ஒட்ட நான் விட மாட்டேன். 'தயாரிப்பு நின்ற பாகம்' என்று போடுங்கள். ஸ்டோர்ஸ்காரர் பத்திரமாக எடுத்து வைப்பார்.

பனங்காடு:
இது நல்ல சொல். திருத்தப் பதிப்பில் இதையே போடுகிறேன். தந்திக்கும் தட்டச்சுப்பொறிக்கும் மட்டும் வழக்கொழிந்ததை விட்டுத்தர மாட்டேன், சொல்லிவிட்டேன்.