மரவள்ளியின் தலையை வெட்டினால் கிழங்கு பெருக்குமா?

ஆத்தூர் விவசாயி:
வணக்கம். இறவையில் நட்ட முள்ளுவாடி ரக மரவள்ளிக்கு இப்போது ஐந்தாம் மாதம் நடக்கிறது. செடிகள் ஆளுயரத்துக்கு மேல் தழைத்து நிற்கின்றன. தலையை வெட்டிக் கவாத்துச் செய்தால் சத்து முழுவதும் கிழங்குக்கு இறங்கும் என்று பக்கத்துத் தோட்டத்தார் உறுதியாகச் சொல்கிறார்கள். வெட்டிய தழை ஆடுகளுக்கும் ஆகும். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் பாயிண்ட், அதாவது கிழங்கின் மாவுச்சத்து அளவு, பார்த்துத்தான் விலை போடுகிறார்கள் என்பதால், எடை, மாவுச்சத்து இரண்டுக்கும் இது நல்லதா என்று அறிந்தவர்கள் கூறுங்கள்.

வேளாண் பட்டதாரி:
ஐயா, தயவுசெய்து இப்போது வெட்டாதீர்கள். கிழங்கில் சேரும் மாவு அனைத்தும் இலை தயாரித்து அனுப்பியதுதான். கிழங்கு பருக்கும் இந்தப் பருவத்தில் தலையை எடுத்துவிட்டால், அந்த வரத்து நின்றுபோவதோடு, புதுத் துளிர் விடுவதற்காகக் கிழங்கில் ஏற்கெனவே சேர்த்து வைத்த மாவையும் செடி திரும்ப எடுத்துக்கொள்ளும். எடையும் குறையும், பாயிண்ட்டும் இறங்கும். கொய்யாவில் கவாத்துப் பலன் தருவது புதுக் கிளைகளில் பூப்பிடிப்பதால். மண்ணுக்குள் விளையும் பயிருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

மரவள்ளிக்கு உண்மையிலேயே செய்ய வேண்டிய கவாத்து முதல் மாதத்தோடு முடிந்துவிடுகிறது. கரணையிலிருந்து (நட்ட தண்டுத் துண்டிலிருந்து) பல தளிர்கள் கிளம்பும்போது, எதிரெதிர்த் திசையில் உள்ள வலுவான இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கிவிட வேண்டும் என்பது திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை. தழை அளவுக்கு மீறியிருந்தால் தழைச்சத்து கூடியிருக்கலாம். மாவு கிழங்குக்கு இறங்கத் துணைநிற்பது சாம்பல்சத்து (பொட்டாஷ்) என்பதால், 90ஆம் நாள் மேலுரத்தில் அது போதுமான அளவு இடப்பட்டதா என்று பாருங்கள்.

ஆடு வளர்ப்பவர்:
தழைதான் வேண்டுமென்றால், முற்றி மஞ்சளாகத் தொடங்கும் அடியிலைகளை மட்டும் எடுங்கள். அவை எப்படியும் உதிரப் போகிறவை. பச்சையாக ஒருபோதும் போடாதீர்கள். இலையில் சயனைடு நஞ்சு உண்டு, நறுக்கி வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே, அதையும் மற்றத் தீவனத்தோடு கலந்து, கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தழை வெட்டும் விஷயத்தில் சர்க்கரைவள்ளியிலும் இதே நிலைதான்: கொடியைப் புரட்டிவிடுவது கணுக்களில் வேர் ஊன்றாமல் தடுக்கும், ஆனால் தீவனத்துக்காகக் கொடியை அடிக்கடி அறுப்பது விளைச்சலைக் குறைக்கும்.

கிழங்கு வியாபாரி:
தலைவெட்டு பயன்படும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு ஓடிக் கெட்டுவிடும். அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தண்டை வெட்டிவிட்டுக் கிழங்கை மண்ணிலேயே விட்டுவைத்தால், பிடுங்கிய பின் அது கூடுதல் நாள் தாங்கும். ஆனால் மாவுச்சத்து சற்றுக் குறையும் என்பதால், சமையலுக்குத் தூரச் சந்தைக்கு அனுப்புவோருக்கே இது ஏற்றது. உங்களைப் போல ஆலைக்குக் கொடுப்பவர்கள் பிடுங்கும் நாள்வரை தழையோடு விடுவதே நல்லது. அடுத்த நடவுக்குக் கரணையும் முற்றிய தண்டிலிருந்துதான் கிடைக்கும்.