ஆண்டின் சிறந்த பந்தயக் குதிரை யார்? எங்கள் சண்டையைத் தீர்த்து வையுங்கள்

அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். நுவரெலியாவில் இருந்து எழுதுகிறேன். சின்ன வயதில் இருந்தே ஏப்ரல் சீசன் ரேஸ் பார்த்து வளர்ந்த நாலு பேர் நாங்கள். அமெரிக்காவின் எக்லிப்ஸ் விருது மாதிரி, பிரிவு பிரிவாக ஆண்டின் சிறந்த குதிரையைத் தெரிவு செய்து பார்க்கிறோம். காசு கட்ட இல்லை, தேத்தண்ணிக் கடையில் வாதாடத்தான்.

பழகிப் பார்க்கப் பழைய ஆண்டுகளை எடுத்தோம். 2022 இல் இரண்டு வயது ஆண் குதிரை ஃபோர்ட்டே என்று சட்டென முடிந்தது. அப்புறம்தான் சிக்கல். அந்த ஆண்டு பிளைட்லைன் ஓடியது மூன்றே பந்தயம். மூன்றிலும் வெற்றி, பசிபிக் கிளாசிக்கில் 19¼ குதிரை நீள இடைவெளி! எக்லிப்ஸில் ஆண்டின் சிறந்த குதிரையும் அதுவே. "மூன்று ஓட்டத்துக்கு ஒரு வருசப் பட்டமா?" என்கிறான் நண்பன்.

2024 மூன்று வயது ஆண் பிரிவு இன்னும் மோசம். மூன்று வயதுக் குதிரைகளுக்கான மூன்று பெரிய பந்தயங்களையும் மூன்று குதிரைகள் வென்றன: கென்டக்கி டெர்பி மிஸ்டிக் டானுக்கு, பிரீக்னஸ் சீஸ் த கிரேக்கு, பெல்மாண்ட் டோர்னொக்குக்கு. பட்டமோ நவம்பரில் பிரீடர்ஸ் கப் கிளாசிக் வென்ற சியரா லியோனுக்கு. மூத்த குதிரைகளையும் அதில் முந்தியதால் எனக்கு அது சரி.

என் கேள்வி இதுதான். ஓடிய எண்ணிக்கை, எதிராளிகளின் தரம், கடைசிப் பெரிய பந்தயம், இவற்றில் எதற்கு எவ்வளவு புள்ளி கொடுப்பீர்கள்? மண் தளத்திலும் புல் தளத்திலும் வென்ற குதிரையை எந்தப் பிரிவில் வைப்பீர்கள்? ஞாயிறு கூடுவதற்குள் யாராவது சொல்லுங்களேன்.