பி.எச். 8.9 வயலுக்குச் சுண்ணாம்பு போடலாமா?

கேள்வி (திருத்துறைப்பூண்டி விவசாயி):
மண் பரிசோதனை அட்டையில் பி.எச். 8.9 என்று வந்திருக்கிறது. வயல் காய்ந்தால் மேலே வெள்ளை பூக்கிறது. நட்ட பயிரின் இலையெல்லாம் துருப்பிடித்தாற்போல் புள்ளி. பக்கத்து வயல்காரர் சுண்ணாம்பு போடச் சொல்கிறார், உரக்கடையில் ஜிப்சம் என்கிறார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளோ, "காரத்தை அமிலம்தான் முறிக்கும், சுண்ணாம்பே காரம்தானே அப்பா" என்கிறாள். அப்படியென்றால் ஜிப்சம் அமிலமா?

பதில் (ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், மன்னார்குடி):
பெண்ணுக்கு முழு மதிப்பெண். சுண்ணாம்பு அமில மண்ணுக்கானது. நீலகிரியில் உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் இடட்டும். உங்கள் வயலில் இட்டால் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான்.

அமிலம் நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தரும், காரம் ஹைட்ராக்சைடு அயனியைத் தரும். இரண்டும் சேர்ந்தால் நீர்; மிச்சம் உப்பு. வேட்டியில் பட்ட மஞ்சள் கறை சோப்பு போட்டதும் சிவக்கிறதே, அது காரத்தின் வேலை. எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும். லிட்மஸ் தாளுக்கு அலைய வேண்டியதில்லை. பி.எச். என்பது அமிலமா காரமா என்று காட்டும் எண்: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் ஏறினால் காரத்தன்மை பத்து மடங்கு ஏறுகிறது, 8.9 தானே என்று இருந்துவிடாதீர்கள்.

ஜிப்சம் அமிலம் அல்ல. கால்சியம் சல்பேட் என்கிற உப்பு. உங்கள் வயல்போல் சோடியம் மிகுந்து காரமான மண்ணைக் களர் என்போம். அதன் களித்துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கிளப்பிவிட்டு, அந்த இடத்தில் கால்சியம் உட்கார்ந்துகொள்ளும். கிளம்பிய சோடியம், சல்பேட்டாகி நீரில் கரையும். அதற்காக யாரும் அமில கேனைத் தூக்கிக்கொண்டு வயலுக்குக் கிளம்ப வேண்டாம்!

பதில் (தலைஞாயிறு, கடைமடை):
கரைந்த சோடியம் வயலைவிட்டு வெளியேற வேண்டுமே அண்ணே. ஆற்றில் தண்ணீர் வரும்போது வரப்பை உயர்த்தி, தண்ணீர் கட்டி, வடித்துவிடுங்கள். வடிகால் தூர்ந்து கிடந்தால் ஜிப்சம் வீண். மோட்டார்த் தண்ணீரையும் சோதியுங்கள். அதிலேயே சோடியம் இருந்தால் களர் திரும்பி வரும். பிறகு பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். அது மக்கும்போது கரிம அமிலங்கள் உண்டாகும். மகள் கேட்ட அமிலம் அதுதான். இலைப் புள்ளி துத்தநாகக் குறைபோல் தெரிகிறது, வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
வடிகால் முழுக்க ஆகாயத்தாமரை. முதலில் அதை வெட்டுகிறேன். ஏக்கருக்கு ஜிப்சம் எவ்வளவு ஐயா?

ஆசிரியர்:
பி.எச். எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எவ்வளவு வேண்டும் என்று கண்டறிய 'ஜிப்சம் தேவை' என்று தனிச் சோதனை உண்டு. அதே ஆய்வகத்தில் கேளுங்கள்.