கல்யாண வேலைக்கு ஜிம்பல் ட்ரோனா, இஐஎஸ் போதுமா?

ஒத்தக்கடை வீடியோ: கல்யாண ஆர்டர் எடுக்கிறேன். என் பட்ஜெட்டுல ரெண்டு ட்ரோன் வருது. ஒண்ணு செகண்ட் ஹேண்ட், மூணு அச்சு ஜிம்பல் (கேமராவை மூணு திசையிலயும் ஆடாம பிடிக்கிற மோட்டார் தாங்கி). இன்னொண்ணு புதுசு, ஆனா ஆட்டத்தை மென்பொருளாலயே திருத்துற இஐஎஸ் மட்டும்தான். ரெண்டுமே 250 கிராமுக்குள்ள. எதை எடுக்கலாம்ண்ணே?

தெப்பக்குளத்தான்: ஜிம்பல்தான், இதுல யோசிக்க என்ன இருக்கு? ட்ரோன் சாஞ்சா மோட்டார் கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பிடும். படம் ஆடாமலே பதியும். இஐஎஸ் ஆடின படத்தை வாங்கி, ஓரத்தை வெட்டி நேராக்குது.

எடிட்டிங் மேசை: அண்ணே, அதெல்லாம் பழைய கதை. இப்ப கேமரா எப்படித் திரும்புச்சுன்னு சென்சார் பதியிற கைரோ டேட்டாவை வச்சு ஃபிரேம் ஃபிரேமா திருத்துறாங்க. கைரோஃப்ளோ மென்பொருள் இலவசம். கண்ணுல திரைக்கண்ணாடி மாட்டி ட்ரோன் பார்வையிலயே ஓட்டுற எஃப்பிவி பயலுக ஜிம்பல் இல்லாமத்தானே மலையெல்லாம் சுத்துறானுக?

தெப்பக்குளத்தான்: அவனுக பறக்குறது பட்டப்பகல்ல தம்பி, ஷட்டர் வேகமா இருக்கும். ரிசப்ஷன் ராத்திரி. ஷட்டர் 1/50 செகண்டுக்கு இறங்கிரும். இஐஎஸ்ல எடுத்த ஒரு மண்டபத்துக் கிளிப் பார்த்தேன். கட்டடம் ஆணி அடிச்சாப்ல நிக்குது, சீரியல் பல்பு ஒவ்வொண்ணும் நீளுது, சுருங்குது, திரும்ப நீளுது. ஷட்டர் திறந்திருக்கும்போதே விழுந்த மங்கலை எந்த மென்பொருள் எடுக்கும்?

எடிட்டிங் மேசை: ஐஎஸ்ஓவை, அதான் கேமராவோட ஒளி உணர்வை, ஏத்தி ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்க.

தெப்பக்குளத்தான்: இம்புட்டூண்டு சென்சார்லயா? பொண்ணு மூஞ்சியெல்லாம் புள்ளி புள்ளியா வரும். அப்புறம் பேலன்ஸ் காசு வந்தாப்லதான்.

நாகமலைக் காத்து: ரெண்டு பேருமே ஒண்ணை விட்டுட்டீங்க. ஜிம்பல் சரிபண்ணுறது சாய்வையும் திருப்பத்தையும்தான். ஆடிக் காத்துல யானைமலை அடிவாரத்துல ட்ரோனையே தூக்கிப் போடும். அப்ப தூரத்து மலை அசையாது, பக்கத்துத் தென்னை மட்டும் மேல கீழ போகும். அதை ஜிம்பல் தடுக்காது. அப்புறம், ஜிம்பலா இஐஎஸ்ஸான்னு பிரிச்சுப் பேசுறதே பாதி சரி. டிஜேஐ நியோ 135 கிராம்தான். ஒரே அச்சு ஜிம்பல், மிச்சத்தை இஐஎஸ் பார்த்துக்கிருது.

எடிட்டிங் மேசை: அதைத்தான் நானும் சொல்றேன். பழைய ஜிம்பல் ஒரு கிளையில இடிச்சா ரிப்பன் கேபிள் போச்சு. முகூர்த்த நாள்ல யாருண்ணே மாத்தித் தருவா?

தெப்பக்குளத்தான்: அதுக்குத்தான் வாங்குறப்பவே பார்க்கணும். ஆன் பண்ணினதும் கேமரா தானா ஆடிப் பார்த்துட்டு நேரா நிக்கணும். ட்ரோனைக் கையில சாய்ச்சுப் பாரு, திரையில அடிவானக் கோடு சாயக்கூடாது. அதிர்வு தாங்குற ரப்பரையும் பாரு. அது கிழிஞ்சிருந்தா படம் அலையடிக்கும்.

ஒத்தக்கடை வீடியோ: சரிண்ணே, நாளைக்கு பழசைப் போய்ச் சாய்ச்சுப் பார்க்கிறேன். ரப்பர் கிழிஞ்சிருந்தா விலையைக் குறைச்சுக் கேக்கலாம்ல?