மகளின் கைக்கு ஏர் பிஸ்டல் பொருந்தவில்லை, மணிக்கட்டு வலி. உதவி தேவை

பொருநைக்கரை:
வணக்கம். மகளுக்கு 10 மீட்டர் ஏர் பிஸ்டல் வாங்கிக் கொடுத்தேன். இருபது ஷாட் தாண்டினாலே மணிக்கட்டு வலிக்கிறது என்கிறாள். குண்டுகள் எல்லாம் இடப்பக்கமே போகின்றன. பின் சைட்டை (குறிபார்க்க உதவும் பின்பக்கப் பள்ளத்தை) திருப்பிச் சரிசெய்தால் மறுநாள் வேறு எங்கோ போகிறது. கிளப் பிஸ்டலில் இந்தத் தொல்லை இல்லை. அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. 2024-ல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு இதே நினைப்புதான், இப்போது பிஸ்டலைத் தொடவே தயங்குகிறாள். என்ன செய்யலாம்?

கறுப்புப்புள்ளி:
வயது என்ன சார்? வலது கையா, இடது கையா? எந்த மாடல், கிரிப் (கைப்பிடி) என்ன சைஸ்? இவை தெரியாமல் எதைச் சொன்னாலும் குத்துமதிப்பாகத்தான் இருக்கும்.

மலைக்கோட்டை77:
தோள் பலம் போதவில்லை. பிஸ்டல் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிய கையில் பிடித்து முப்பது விநாடி நிற்கச் சொல்லுங்கள், தினமும் பத்து முறை. என் பையனுக்கு இரண்டே மாதத்தில் கை ஆட்டம் நின்றது. அதுவரை டிரிகரை (விசையை) இழுக்கத் தேவைப்படும் எடையை 300 கிராமுக்குக் குறைத்துவிடுங்கள், இடப்பக்கம் போவதும் நிற்கும்.

பத்தாம்வளையம்:
300 கிராமா? ஏர் பிஸ்டலில் டிரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். போட்டியில் எடை தொங்கவிட்டுச் சோதிப்பார்கள், தாங்காவிட்டால் அந்தத் துப்பாக்கியை உள்ளேயே விடமாட்டார்கள். தெரியாததைச் சொல்லி ஒரு குழந்தையின் போட்டியைக் கெடுக்காதீர்கள்.

பொருநைக்கரைக்கு: வலது கைக்காரருக்கு இடப்பக்கம் போனால் டிரிகரை இழுக்கத் தெரியவில்லை என்று பொருள். இது அரிச்சுவடி. இங்கே பதினோரு வருடமாக இதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கோச்சிடம் போய் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். துப்பாக்கியைக் குறை சொல்ல வேண்டாம்.

வைகையக்கா:
பத்தாம்வளையம் சார், அந்தப் பெண் கிளப் பிஸ்டலில் நன்றாகச் சுடுகிறாள் என்று முதல் பதிவிலேயே இருக்கிறதே. டிரிகர் பழக்கம் தவறு என்றால் அதிலும் இடப்பக்கம்தானே போகும்?

பொருநைக்கரை சார், கிரிப்பை மேலிருந்தும் பின்னாலிருந்தும் படம் எடுத்துப் போடுங்கள். அவள் பிடித்திருக்கும்போது ஒரு படம்.

பொருநைக்கரை:
மன்னிக்கவும், வேலை முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். வயது 13, வலது கை. ஸ்டேயர் எல்பி10. கிரிப்பில் எம் என்று இருக்கிறது. விற்றவர் எம் சைஸ் எல்லோருக்கும் சரியாக இருக்கும் என்றார். படம் இணைத்திருக்கிறேன்.

கறுப்புப்புள்ளி:
விற்றவர் என்றால்? புதியதா, பழையதா?

பொருநைக்கரை:
பழையதுதான். ஆறு வருடம் ஒருவர் வைத்திருந்தது. புதிது வாங்க என்னால் முடியாது.

கறுப்புப்புள்ளி:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெருவிரல் மேட்டுப் பக்கம் மரம் நன்றாக அரத்தால் சீவப்பட்டிருக்கிறது. உள்ளங்கைப் பக்கம் சாம்பல் நிறத்தில் தெரிவது எம்-சீல். பழைய உரிமையாளர் கிரிப்பைத் தன் கைக்கு என்று செதுக்கி வைத்திருக்கிறார். அது இனிமேல் எம் சைஸே இல்லை, அவருடைய கையின் அச்சு. வேறொருவர் ஆறு வருடம் தேய்த்த செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி. இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

பொருநைக்கரை:
அது உடைந்து ஒட்டியது என்று நினைத்தேன் சார். சொல்லத் தோன்றவில்லை.

வைகையக்கா:
பரவாயில்லை சார். எனக்கு வாய்த்த முதல் பிஸ்டலும் இப்படித்தான், ஒரு வருடம் வலியோடு சுட்டேன். வலிப்பதுதான் பயிற்சி என்று சொன்னதை நம்பினேன். உங்கள் மகளுக்கு அது வேண்டாம்.

காற்று சிலிண்டரைக் கழற்றி, உள்ளே பெல்லட் இல்லை என்று பார்த்துவிட்டு இவற்றைச் செய்யுங்கள்.

இடது கையால் பேரலை (குழலை) பிடித்துக்கொண்டு, வலது கையின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவட்டையைக் கிரிப்பின் மேல்முனை வரை ஏற்றி அழுத்தச் சொல்லுங்கள். பிறகு மற்ற மூன்று விரல்கள் சுற்றட்டும். இப்போது மேலிருந்து பாருங்கள். முன்கையும் பேரலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். படத்தில் அப்படி இல்லை. டிரிகர் எட்டாததால் அவள் கை கிரிப்பைச் சுற்றி வலப்பக்கமாக நகர்ந்துவிட்டது. பேரல் வலப்பக்கம் பார்க்கிறது, அதை இலக்குக்குத் திருப்ப ஒவ்வொரு ஷாட்டுக்கும் மணிக்கட்டை இடப்பக்கம் மடக்குகிறாள். போட்டி என்றால் 75 நிமிடத்தில் 60 ஷாட். பிஞ்சு மணிக்கட்டு எத்தனை தாங்கும்? அதோடு, விரல்நுனி மட்டுமே டிரிகரில் படுவதால் இழுக்கும்போது பிஸ்டலை இடப்பக்கம் தள்ளுகிறது. குண்டு இடப்பக்கம் போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பிடி தினம் ஒரு மாதிரி உட்காரும்போது சைட்டைத் திருப்பிப் பயனில்லை.

அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்தி, நிதானித்து, அப்புறம் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் நடுவில் நின்றால் கிரிப் பொருந்தியிருக்கிறது. வலமோ இடமோ ஒதுங்கினால் இல்லை. மேலே எழும்பியோ கீழே அமுங்கியோ நின்றால் கிரிப்பின் சாய்வை மாற்ற வேண்டும்.

கை எங்கே அழுந்துகிறது என்று தெரிய உள்ளங்கையில் முகப்பவுடர் பூசிப் பிடிக்கச் சொல்லுங்கள். அழுந்தும் மேடுகளில் வெள்ளை அப்பியிருக்கும், காலியான இடத்தில் மரம் அப்படியே இருக்கும்.

செலவில்லாத வேலை ஒன்று: டிரிகரை முன்னும் பின்னும் நகர்த்தலாம். கடைசிவரை பின்னால் இழுத்து வைத்துப் பாருங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் உள்ள சதைப்பகுதி டிரிகரில் பட வேண்டும், விரலின் பக்கவாட்டு மரத்தைத் தொடக்கூடாது. பாம் ரெஸ்ட்டை, அதாவது உள்ளங்கைக்குக் கீழே உள்ள தட்டை, இறுக்கி ஏற்றியிருந்தால் ஒரு நூல் இறக்குங்கள். கையைத் தாங்கினால் போதும், நெரிக்கக் கூடாது.

மலைக்கோட்டை77:
300 கிராம் சொன்னது என் தவறு, திருத்திக்கொள்கிறேன். ஆனால் இருக்கும் கிரிப்பிலேயே இன்னும் கொஞ்சம் எம்-சீல் போட்டு அவள் கைக்கு அச்சு எடுத்துவிடலாமே? பாலித்தீன் கவர் மாட்டிய கையால் ஈரத்தோடு பிடித்தால் அச்சு விழும், காய்ந்ததும் உப்புத்தாள்.

கறுப்புப்புள்ளி:
ஏற்கெனவே பருத்த கிரிப்பில் மேலும் ஏற்றினால் விரல் இன்னும் எட்டாது. இன்னொன்று, ஏர் பிஸ்டல் முழுவதும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். எங்கள் கிளப்பில் ஒரு தம்பி ஆசை ஆசையாக எம்-சீல் பூசி, பரிசோதனை மேசையில் பெட்டிக்குள் நுழையாமல், அழுதுகொண்டே அங்கேயே அரம் தேடினான். பாம் ரெஸ்ட்டும் கிரிப்போடு 90 பாகைக்குக் குறைவான கோணத்தில் மேல்நோக்கி வளையக்கூடாது. எஸ் சைஸ் கிரிப் தனியாக வாங்குங்கள். கிரிப்பை மட்டும் கழற்றி மாற்றலாம், பிஸ்டலை மாற்ற வேண்டாம்.

பத்தாம்வளையம்:
13 வயதுக் கை வளரும். எஸ் வாங்கினால் இரண்டு வருடத்தில் மறுபடி எம் வாங்க வேண்டும். கையைத் தாளில் வரைந்து அனுப்பினால் ஜெர்மனியில் ரிங்க் நிறுவனம் அளவுக்குச் செய்து தரும், ஆனால் வளரும் கைக்கு அது வீண். கிரிப் விஷயத்தில் வைகையக்கா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் படத்தில் அந்தப் பெண் இடது கண்ணை இறுக்கி மூடியிருக்கிறாள். அதை யாரும் கவனிக்கவில்லை. கண்ணை மூடினால் முகம் முழுக்க இறுகும், சில நிமிடத்தில் மற்ற கண்ணும் களைக்கும். இரண்டு கண்ணும் திறந்துதான் சுட வேண்டும்.

மலைக்கோட்டை77:
என் பையன் ஒரு கண்ணை மூடித்தான் மாநிலப் போட்டி வரை போனான்.

பத்தாம்வளையம்:
போனான் என்பதற்காக அது சரியாகிவிடாது. குறிபார்க்காத கண் முன்னால் ஒரு அட்டையை மாட்டுங்கள். 30 மில்லிமீட்டர் அகலம் வரை விதி அனுமதிக்கிறது.

மலைக்கோட்டை77:
பதக்கம் கண்ணைப் பார்த்துத் தருவதில்லை சார். அவரவருக்கு எது இயல்போ அது.

பத்தாம்வளையம்:
இயல்பு என்று விட்டால் கோச் எதற்கு?

வைகையக்கா:
இரண்டு பேரும் தனி இழையில் பேசுங்கள். அட்டை நல்ல யோசனைதான், ஆனால் ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது உதவியது என்று அவளுக்கே தெரியாது. முதலில் கிரிப். இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. அதனால்தான் புதியது வேண்டாம் என்கிறேன். எம்முக்கு மாறிய மூத்த பிள்ளைகளிடம் பழைய எஸ் சும்மா கிடக்கும், கிளப்பில் கேட்டுப் பாருங்கள். செதுக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

பொருநைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. டிரிகரைக் கடைசிவரை பின்னால் தள்ளினேன். கண் மூடிப் பார்த்தாள், முன் சைட் வலப்பக்கம் ஒட்டித்தான் நின்றது, அக்கா சொன்னபடியே. கிளப்பில் ஒரு அக்காவிடம் எஸ் கிரிப் இருக்கிறது, ஞாயிறு தருகிறார்.

கறுப்புப்புள்ளி:
மாட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள் சார்.

பொருநைக்கரை:
மாட்டியாயிற்று. நாற்பது ஷாட், வலி இல்லை. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போகிறது, ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து விழுகின்றன. சைட்டை இரண்டு க்ளிக் திருப்பினோம். போட்டிக்கு இதோடு போகிறாள்.

சுருளிமலை:
இழை பழையதாகிவிட்டது, ஆனாலும் கேட்கிறேன். என் தம்பி மகனுக்கும் இதே வலி. ஆனால் அவனுக்குக் கண் மூடிப் பார்த்தால் முன் சைட் நடுவில்தான் நிற்கிறது. சுண்டு விரலுக்குக் கீழே உள்ள பக்கம்தான் மரத்துப் போகிறது. பாம் ரெஸ்ட்டா?

வைகையக்கா:
பெரும்பாலும் அதுதான். கையை எடுத்ததும் அந்த இடத்தில் சிவப்புக் கோடு தெரிகிறதா? வலது கையா, இடது கையா? எந்த மாடல்?